ஸ்டீல்ஸ் வீதியின் அந்தப் பக்கம்

என்னைக் கூட்டிப்போக பாலன் விமான நிலையத்துக்கு வரவில்லை. அதுதான் முதல் எரிச்சல். பாலன் என் மனைவியின் தம்பி. அவனுடைய அகதி வழக்கில் சாட்சி சொல்லத்தான் நான் ஜேர்மனியிலிருந்து ரொறொன்ரோவுக்கு வந்தேன். தொழிற்சாலையில் போர்மனோடு வாய்ச்சண்டை போட்டு லீவு வாங்கி, காலை மடக்கிக்கொண்டு பறந்து வந்தவனை, முன்பின் தெரியாத ஒருவர் என் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு வரவேற்றார். குலம் என்று பெயர் சொன்னார். பாலன் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர். தம்பிக்குக் காய்ச்சல் போல என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனால் காய்ச்சல்காரன் அடுப்படியில் நின்று கணவாய் மீன் வெட்டிக்கொண்டிருந்தான்.

வீடு மில்லிக்கன் பக்கம். மேலே குலம் அண்ணையும் அவர் மனைவி யோகம் அக்காவும் பிள்ளைகளும். கீழே பேஸ்மென்டில் பாலன். அவனுடைய ஜன்னலால் பார்த்தால் புல்லும் மனிதரின் சப்பாத்தும் மட்டும் தெரியும். அக்கா இடியப்பமும் சொதியும் கணவாய்க் கறியும் வைத்தார். ஜேர்மனியில் கணவாயை வளையம் வளையமாக மாவில் தோய்த்துப் பொரித்து, எலுமிச்சம் பழம் வைத்துத் தருவார்கள். அதைக் கணவாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. நன்றாகச் சாப்பிட்டேன். ஆனாலும் கோபம் போகவில்லை.

விசயம் இதுதான். ஊரில் தமையனை ஆமி பிடித்துக்கொண்டுபோய்த் திரும்ப விடாததால் பாலன் ஓடினான். முதலில் ஜேர்மனிக்கு வந்தான். அங்கே அகதி வழக்கு நிராகரிக்கப்பட்டது. பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். அந்தத் தாளின் பெயரே சகிப்பு. உன்னைச் சகித்துக்கொள்கிறோம் என்று அரசாங்கம் எழுதித் தரும். சில மாதத்துக்கு ஒருமுறை, இன்னும் சகிக்கலாமா என்று யோசிக்கும். கடைசியில் சகிக்க முடியாது என்றார்கள். பாலன் கனடாவுக்கு வந்தான். இப்போது கனடா கேட்கிறது: ஜேர்மனி ஜனநாயக நாடு. தேர்தல் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. உயிருக்குப் பயந்தவன் அப்படி ஒரு நாட்டை விட்டு ஏன் வந்தான்? இந்தக் கேள்விக்குச் சரியான பதில் இல்லையென்றால் அவனை ஜேர்மனிக்கு அனுப்ப மாட்டார்கள். ஜேர்மனி எடுக்காது. கொழும்புக்குத்தான் விமானம்.

நம்மாட்களுக்குச் சாட்சி என்றால் ஒரு பெரிய மனிதர் வரவேண்டும். நல்ல உத்தியோகம், நல்ல உடுப்பு, நாலு பேர் மதிக்கிற ஆள். என் மனைவியின் குடும்பத்தில் அந்த இடத்துக்கு நான்தான் அகப்பட்டேன். பாலனுக்கு முன்னால் போனதால் எனக்கு விசா கிடைத்தது. பின்னால் வந்ததால் அவனுக்குக் கிடைக்கவில்லை. வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மனைவி என் கலியாணக் கோட்டைச் சலவைக்குக் கொடுத்து, வக்கீலுக்கு ஒரு பெட்டி சொக்லேற்றும் வாங்கி அனுப்பியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பாண் முடிந்துவிட்டது. பாலனும் நானும் கடைக்கு நடந்தோம். தெரு முடிகிற இடத்தில் ஸ்டீல்ஸ் வீதி. அகலமான வீதி. இந்தப் பக்கம் ஸ்காபரோ, அந்தப் பக்கம் மார்க்கம். கடை அந்தப் பக்கத்தில். பாலன் பொத்தானை அழுத்தினான். நடக்கச் சொல்லி விளக்கு வந்தது. நான் இறங்கினேன். அவன் இறங்கவில்லை.

"நீங்கள் போயிட்டு வாங்கோ அத்தான். நான் இதில நிக்கிறன்."

அந்தக் கடைக்காரனோடு ஏதும் பிரச்சினையாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். பாணும் மரக்கறியும் வாங்கித் திரும்பினால் அதே விளக்குக் கம்பத்தடியில் நிற்கிறான். காற்று முகத்தை வெட்டுகிறது. என்ன விசயம் என்று கேட்டேன். மழுப்பினான். விடாமல் கேட்டேன்.

"அங்கால வேற நகரசபை, அத்தான். கேஸ் முடியட்டும்."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது.  இவன் இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஸ்டீல்ஸ் வீதியைத் தாண்டியதே இல்லை. அந்தப் பக்கம் இருக்கும் றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு வீட்டாட்கள் காரில் கூப்பிட்டபோதெல்லாம் வேலை என்று சொல்லியிருக்கிறான். வேலையும் அப்படித்தான். வடக்கே ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலை வந்தது, போகவில்லை. தெற்கே ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். விமான நிலையமும் நகர எல்லைக்கு வெளியே இருக்கிறதாம். அதுதான் காய்ச்சல்.

வீதியில் நின்றே கத்தினேன். "விசரா, இது ஜேர்மனி இல்லை. இஞ்ச உன்னை ஆர் மறிச்சது?"

"ஒருத்தரும் மறிக்கேல்லை."

"பிறகென்ன?"

"அங்கயும் முதல் ஒருத்தரும் சொல்லேல்லை அத்தான். பிடிச்சாப் பிறகுதான் சொன்னவங்கள்."

 அது உண்மை.

ஜேர்மனியில் அகதி வழக்குப் போட்டவன் தான் இருக்கும் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது. போவதென்றால் அரசாங்கக் கந்தோரில் அனுமதி எடுக்க வேண்டும். பாலனைப் போட்டிருந்த விடுதி எங்கள் நகரத்துக்கு அடுத்த மாவட்டத்தில் இருந்தது. ரெயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. சொந்த அக்காவைப் பார்க்க அவன் ஒரு எழுதுவினைஞரிடம் காரணம் சொல்லவேண்டும். என் மகள் பிறந்த அன்று கந்தோர் மத்தியானத்தோடு பூட்டிவிட்டது. கேட்க ஆள் இல்லை. ஒரு பொம்மையை வாங்கிக்கொண்டு ரெயில் ஏறிவிட்டான். எங்கள் ஸ்ரேசனில் அவ்வளவு சனத்துக்குள்ளும் இரண்டு பொலிஸ்காரர்கள் நேரே அவனிடம் வந்தார்கள். ஏன் அவனிடம் வந்தார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் தோலே எங்கள் அறிவிப்புப் பலகை. தண்டம் கட்டினோம். பிறகும் வந்தான், பிறகும் பிடித்தார்கள். கடைசியில் என் மனைவியே, தம்பி நீ வராதே என்று சொல்லிவிட்டாள்.

தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்யும் ஒரு ஜேர்மன்காரனிடம் இதைச் சொன்னபோது, எங்கள் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை என்று சிரித்தான். அடுத்த நாள் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தான். அன்றைக்கு எனக்கு ஒரு பியர் வாங்கித் தந்தான். நல்லவன். ஒவ்வொரு தேர்தலிலும் வோட்டுப் போடுகிறவன். தன் வோட்டில் இதுவும் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

விடுதிக்குக் கல் எறிந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு மாலை கூட்டமாக வந்து ஜன்னல்களை உடைத்தார்கள். அயலவர்கள் பல்கனியில் நின்று பார்த்தார்கள். பொலிஸ் ஆறுதலாக, எல்லாம் முடிந்தபிறகு வந்தது. பிறகு ஒரு நாள் அதே ஊர்ச் சனம் மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு விடுதிக்கு முன்னால் நின்றார்கள். அவர்களும் ஜேர்மன்காரர்கள்தான், அதை மறைக்கக்கூடாது. ஆனால் மெழுகுவர்த்தி அணைந்ததும் வீட்டுக்குப் போனார்கள். விடுதி அங்கேயே இருந்தது. சட்டமும் அங்கேயே இருந்தது. ஜேர்மனியில் சட்டம் இல்லை என்று எவனும் சொல்ல முடியாது. சட்டம்தான் எங்களைப் பிடித்தது.

திங்கட்கிழமை வக்கீலிடம் போனோம். மெலிந்த வெள்ளைக்காரப் பெண். மேசையிலேயே சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு பேசினார். அவருடைய கந்தோரில் வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பிள்ளை மொழிபெயர்த்தாள். சொக்லேற் பெட்டியை நீட்டினேன். வழக்கு முடியட்டும் என்று திருப்பித் தள்ளினார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, உங்களை யார் வரச் சொன்னது என்று கேட்டார். சுள்ளென்று ஏறியது. இவ்வளவு தூரம் வந்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா?

அவர் என் கோபத்தைக் கணக்கெடுக்கவில்லை. ஸ்ரேசனில் பிடித்தது, கல் எறிந்தது எல்லாவற்றையும் நான் நேரில் அறிந்தபடி சொல்லவேண்டும் என்றார். அப்போதுதான் எனக்கு ஜேர்மன் கந்தோர் ஞாபகம் வந்தது. என் விசாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிற கந்தோர்க்காரன் என் பல்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்ப்பவன். இங்கே சொல்வது அங்கே போகுமா என்று கேட்டேன். போகாது, மூடிய அறை விசாரணை என்றார். எழுதி வைப்பார்களா என்று கேட்டேன். ஒலிப்பதிவு செய்வார்கள் என்றார். அந்த நாடா எங்கே போகும் என்று கேட்டேன். வக்கீல் சான்ட்விச்சைக் கீழே வைத்தார்.

பொலிஸ் விசயத்தை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன் என்றேன். பாலன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முதல் நாள் நடுவீதியில் நின்று அவனை விசரன் என்று கத்தியவன் நான்தான்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் சண்டை. கனடாவில் அப்போது தேர்தல் காலம். வீட்டுக்கு வீடு புல்தரையில் வேட்பாளரின் பெயர்ப்பலகை நட்டிருந்தார்கள். ஒரு வீட்டில் சிவப்பு, பக்கத்து வீட்டில் நீலம், இரண்டு வீட்டுக்காரரும் ஒன்றாக நின்று இலை கூட்டுகிறார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யோகம் அக்காவின் புல்லிலும் ஒரு பலகை. எந்தக் கட்சி என்று கேட்டேன். வந்து கேட்ட பெடியன் மரியாதையாகக் கேட்டான், அதுதான் நடவிட்டேன் என்றார். நாளைக்கு விசாரணை, அதுவரைக்கும் பலகையைக் கழற்றுங்கோ அக்கா என்று பாலன் கெஞ்சினான். அரசியல் செய்கிறோம் என்று நினைப்பார்களாம்.

"உது என்ர புல்லு," என்றார் அக்கா. "ஆரும் வந்து கேட்டா நான் கதைக்கிறன். நீர் போய் நாளைக்குப் போடுற சேட்டை அயன் பண்ணும்."

பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் இந்த வருடம்தான் முதல்முதலாக வோட்டுப் போடப் போகிறார். அந்தப் புளுகத்தில் முகம் பூரித்திருந்தது.

"நீங்கள் அங்க வோட்டுப் போடுறேல்லையோ?"

"இல்லை அக்கா."

"எத்தினை வருசமா இருக்கிறியள்?"

"பதினொண்டு."

"வரி?"

"அது ஒழுங்காக் கட்டுறம்."

"அப்ப தேர்தல் வந்தா என்ன செய்வியள்?"

"போஸ்டர் பாப்பம்."

குலம் அண்ணை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கனடா சொர்க்கம் என்று நான் எழுதப் போவதில்லை. குலம் அண்ணை ஊரில் கணக்கு வாத்தியார், இங்கே இரவு வேலைக்குப் போய் அட்டைப்பெட்டி அடுக்குகிறார். பகலில் மனிதர் நடமாடும் பிணம். ஆனால் அவருடைய மனைவி தன் புல்லைப் பற்றி அப்படிப் பேசியதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

புதன்கிழமை விடியவே அக்கா எங்களை எழுப்பிச் சோறு தந்தார். விசாரணை நீண்டால் பசிக்குமாம். சோறும் மீன் பொரியலும் தயிரும். கோட்டுப் போட்டுக்கொண்டு ஏப்பம் விட்டபடி பஸ் ஏறினோம். பாலனுக்குக் குலம் அண்ணையின் கறுப்புக் கோட்டு. தோளில் தொங்கியது.

பஸ் பாதி வழியில் ஒரு சந்தியில் நின்றது. சாரதி தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். சீருடை போட்ட இன்னொருவர் ஏறி ஒருமுறை உள்ளே பார்த்தார். பாலனின் கை கோட்டுக்குள் போனது. அவனை ஏசலாம் என்று திரும்பினால் என் கையிலும் பாஸ்போட் இருக்கிறது. எப்போது எடுத்தேன் என்று தெரியாது. வந்தவர் சாரதி இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, பஸ்ஸை எடுத்தார். ஆள் மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

எதிரே இருந்த ஜமேய்க்காக்கார அம்மா எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். யாருக்குச் செத்தவீடு என்று கேட்டார். செத்தவீடு இல்லை, விசாரணை என்று பாலன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான். அப்படியென்றால் கழுத்துப்பட்டியைக் கொஞ்சம் தளர்த்து மகனே, இப்போதே குற்றவாளி மாதிரி இருக்கிறாய் என்றார். பாலன் உடனே தளர்த்தினான். யார் சொன்னாலும் கேட்பான்.

பிறகு சுரங்க ரெயில். அது இருட்டுக்குள் போய் நின்றுவிட்டது. ஒலிபெருக்கி ஏதோ சொன்னது, ஒருவருக்கும் விளங்கவில்லை. எல்லோரும் பேப்பர் வாசித்தார்கள். பாலன் மட்டும் வியர்த்துக் கொட்டினான். பிந்தினால் வழக்கைக் கைவிட்டதாக எழுதிவிடுவார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஓடிப்போய்ச் சேர்ந்தோம். ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. தண்ணீர் குடியுங்கள் என்றார்கள்.

பாலனை உள்ளே கூப்பிட்டார்கள். சாட்சி வெளியே இருக்க வேண்டும். வெகுநேரம் இருந்தேன். சோறு நெஞ்சுக்குள் கல்லாகக் கிடந்தது. என்னைக் கூப்பிட்டபோது கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பினேன்.

கோர்ட் என்று நினைத்துப் போனது ஒரு கந்தோர் அறை. கொடி, மேசை, தண்ணீர்ச் சாடி, மூக்குத் துடைக்கும் கடதாசிப் பெட்டி. முன்னால் தீர்ப்புச் சொல்லும் அகதிச் சபையின் இரண்டு உறுப்பினர்கள். தலைமை தாங்கியவர் வயதான ஒரு பெண். பக்கத்தில் கேள்வி கேட்கும் அதிகாரி. ஒரு தமிழர் மொழிபெயர்த்தார். முழுப்பெயரைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார்கள். அதையும் சொன்னேன்.

வக்கீல் கேட்டதற்குக் கல் எறிந்த கதையைச் சொன்னேன். பொலிசைத் தொடவில்லை. பிறகு அந்த அதிகாரி கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை.

"பதினொரு வருடம் ஜேர்மனியில் இருக்கிறீர்கள். வேலை இருக்கிறதா?"

"இருக்கிறது."

"உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா?"

"போகிறார்கள்."

"அங்கே இருக்கப் பயமாக இருக்கிறதா?"

"இல்லை" என்றேன்.

அந்தச் சொல் வாயை விட்டுப் போனபிறகுதான் வக்கீலைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை அவர் என்னை மேலும் கீழும் பார்த்தது ஏன் என்று அப்போது விளங்கியது. கலியாணக் கோட்டும், மினுக்கிய சப்பாத்தும், நிரந்தர வேலையுமாக நான் அங்கே இருந்ததே பாலனுக்கு எதிரான சாட்சி. நம்மாட்களின் புத்தி. பெரிய மனிதரைக் கொண்டுபோய் நிறுத்தி அவனைக் கொழும்பு விமானத்தில் ஏற்றுகிறோம்.

எனக்குக் கோபம் வந்தால் யோசிக்க வராது. அன்றைக்கு அது நல்லதாகப் போயிற்று. "நான் சொன்னது பிழை," என்றேன். "பயமில்லை எண்டு சொல்லிச் சொல்லிப் பழகிட்டன்." பிறகு ஸ்ரேசனைச் சொன்னேன். பொம்மையைச் சொன்னேன். அவர்கள் அவனிடம் எப்படி நேராக வந்தார்கள் என்று சொன்னேன். என் மனைவி தன் தம்பியை வராதே என்று சொன்னதைச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் கையைக் காட்டி என்னை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கடைசியில், "இவன் இஞ்ச இரண்டு வருசமா ஸ்டீல்ஸைத் தாண்டேல்லை, பாண் வாங்கக்கூடத் தாண்டமாட்டான், கேட்டுப் பாருங்கோ" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னபோது தலைமைப் பெண்ணுக்கு விளங்கவில்லை. ஸ்டீல்ஸ் அவென்யூவா என்று கேட்டார். பாலனின் பக்கம் திரும்பினார். அந்த வீதிக்கு வடக்கே எப்போதாவது போயிருக்கிறீர்களா என்று கேட்டார்.

பாலன் எழும்பி நின்றுவிட்டான். யாரும் எழும்பச் சொல்லவில்லை.

"இல்லை அம்மா. ஒரு நாளும் போகேல்லை. சத்தியமாப் போகேல்லை. கடைக்குக்கூட அத்தானைத்தான் அனுப்பினனான்."

தான் குற்றம் செய்யவில்லை என்று அவன் வாதாடினான்.  மொழிபெயர்ப்பாளர் கொஞ்சம் தாமதித்துத்தான் சொன்னார். அதிகாரி தன் தாளில் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். தலைமைப் பெண் கண்ணாடியைக் கழற்றினார்.

நீங்கள் எங்கேயும் போகலாம், இது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

"சொல்லினம் அம்மா," என்றான் பாலன். "எழுத்தில ஒண்டும் தரேல்லை."

இடைவேளை விட்டார்கள். திரும்பக் கூப்பிட்டபோது தலைமைப் பெண் ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். தமையனுக்கு நடந்ததை நம்புகிறோம், ஊருக்குப் போகப் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அவர் ஜேர்மனியை விட்டு வந்ததற்கான விளக்கத்தையும் ஏற்றுக்கொள்கிறோம் என்றார். வக்கீல் பாலனின் முதுகில் தட்டினார். பாலன் என்ன நடந்தது என்று என்னைக் கேட்டான். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. மொழிபெயர்ப்பாளர்தான் தன் வேலையை மறந்து, "கிடைச்சிட்டுது தம்பி, இருங்கோ" என்றார்.

வெளியே வந்ததும் பாலன் அழுவான் என்று நினைத்தேன். அவன் என்னோடு சண்டைக்கு வந்தான்.

"அதை ஏன் அத்தான் சொன்னியள்? விசரன் எண்டு நினைச்சிருப்பினம்."

"நினைக்கட்டும்."

"அண்ணாவுக்கு நடந்ததைச் சொல்லேக்க ஒருத்தரும் கண்ணாடி கழட்டேல்லை," என்றான்.

  நான் அவனைக் கூட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு டோனட் கடைக்குள் போய் கோப்பி வாங்கிக் கொடுத்தேன். அது தண்ணீர் மாதிரி இருந்தது. அவன் இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு குடித்து முடித்தான்.

மூலையில் ரெலிபோன் இருந்தது. வாங்கி வைத்திருந்த கார்ட்டில் வீட்டுக்கு எடுத்தேன். ஜேர்மனியில் இரவுச் சாப்பாட்டு நேரம். பின்னால் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. தம்பிக்குக் கிடைத்துவிட்டது என்றேன்.  லைன் அறுந்துவிட்டதோ என்று திரும்பச் சொன்னேன்.

"கேட்டது," என்றாள். பிறகு, "உங்கட பேரை எழுதினவையோ?"

"ஓம்."

"முழுப்பேரோ?"

"முழுப்பேர்தான்."

"என்ன சொன்னியள்?"

"ஸ்ரேசனில நடந்ததை. பொலிசு..."

"சரி, சரி," என்றாள் அவசரமாக. அவள் தன் சொந்த அடுப்படியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்கிறாள். அப்படியும் குரல் ரகசியமாகிவிட்டது. "உதெல்லாம் போனில கதைக்காதேங்கோ."

அவளை ஏச வாய் எடுத்தேன். யார் கேட்கப் போகிறார்கள், கேட்டால்தான் என்ன, நடந்ததைத்தானே சொன்னேன் என்று சொல்ல நினைத்தேன். கடைக்குள் இருந்தவர்கள் டோனட் தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, சரி, வந்து சொல்கிறேன் என்று ரிசீவரை வைத்தேன்.